பத்து மணிக்கு உயிர் வரும்

வாசலில் நின்ற கூட்டம் முழுக்க இறந்தவர்கள் என்பது நவமணிக்கு உள்ளே போகும்போது தெரியாது. ஏதோ சாதிச் சான்றிதழ் கூட்டம் என்று நினைத்தாள். "கொஞ்சம் வழி விடுங்க" என்று தோள்பையை அணைத்துக்கொண்டு நுழைந்துவிட்டாள்.

செங்காட்டுவலசு உயிர்ப் பதிவு அலுவலகம். 2049-ஆம் வருஷம், ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதே முக்கால்.

அந்த வருஷத்தில் எந்தக் கதவும் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டது: இந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா? பஸ் கதவு கேட்டது. மருந்துக்கடை ஷட்டர் கேட்டது. ஆஸ்பத்திரி கேட் கேட்டது. சுற்றுவட்டாரம் அத்தனைக்கும் பதில் சொன்னது இந்த அலுவலகத்தில் தூசி படிந்து உட்கார்ந்திருந்த பதினோரு மேசைக் கம்ப்யூட்டர்கள். புதுத் தொழில்நுட்பத்தை மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போனவர்கள் அஸ்திவாரத்தை மட்டும் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒரே ஆள் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே ரிட்டையராகிவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர்களின் பிரவுசரில் 'முத்திரை' என்று ஒரு பிளக்-இன் ஒட்டிக்கொண்டிருந்தது. கைரேகையை வாங்கி, பதிவேட்டில் எழுதுகிற சின்ன மென்பொருள். அதில் ஓட்டை. யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து எதை வேண்டுமானாலும் எழுதலாம். அடைப்பதற்கு அப்டேட் வந்துவிட்டது. மதியம் ஒரு மணிக்குள் பதினோரு மெஷினிலும் ஏற்றி முடித்துக் கையெழுத்துப் போடவேண்டியது நவமணியின் வேலை. கோயமுத்தூரிலிருந்து வந்த கான்ட்ராக்ட் என்ஜினீயர். வயது இருபத்தொன்பது. வீட்டில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அம்மிணி, வாங்க" என்று எழுந்து வந்தார் பதிவு எழுத்தர் மருதாசலம். ஐம்பத்தேழு வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. "மொதல்ல ஒரு டீ சாப்பிடுங்க."

"வேலையை முடிச்சுட்டு சாப்பிடறேன் சார். அட்மின் பாஸ்வேர்டு?"

"பாஸ்வேர்டு எங்க போயிரப் போகுதுங்க. வடை சூடா இருக்குது."

"சார், பாஸ்வேர்டு."

"இன்னைக்கு வியாழக்கெழமை. ஒன்றரை டு மூணு ராகு காலம். அது கழிஞ்சு வெச்சுக்கலாமுங்களா?"

"ஒரு மணிக்கே முடிக்கணும் சார். ராகு வர்றதுக்குள்ள நான் பஸ் ஏறியிருப்பேன்."

மருதாசலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "ஒரு பத்து நிமிஷம் மட்டும் குடுங்க. இவங்களுக்கு உசுரு குடுத்துட்டு வந்தர்றனுங்க."

"என்ன குடுத்துட்டு?"

மணி பத்து அடித்தது. கூட்டம் வரிசையாக உள்ளே வந்தது. ஒவ்வொருவராகக் கட்டைவிரலை வைத்தார்கள். மருதாசலம் 'இறந்த தேதி' என்ற கட்டத்தில் மூன்று தடவை வெறும் இடைவெளியைத் தட்டி, இரண்டு கையாலும் இரண்டு எண்டர் பொத்தான்களை ஒரே நேரத்தில் குத்தினார். திரை ஒரு கணம் திக்குமுக்காடியது. பிறகு பச்சையாக 'உயிருடன்' என்றது.

நவமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அடைக்க வந்த ஓட்டை அதுதான். அதே இடைவெளி, அதே இரட்டை எண்டர். எச்சரிக்கைக் குறிப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

"சார்! நீங்க பண்றது குற்றம்."

"தெரியுமுங்க. தெனமும் பண்றனுங்க" என்றார் மருதாசலம், அடுத்த விரலை வாங்கியபடி. "மூணு வருஷமா."

வரிசையில் முதலில் நின்ற கிழவர் சிரித்தார். செம்மலை என்று பெயர். எழுபத்தெட்டு வயது, முள்ளுக்காட்டில் வெள்ளாடு மேய்த்து முறுக்கேறிய உடம்பு. "பயப்படாத கண்ணு. நாங்கல்லாம் செத்தவிய. பத்து மணிக்கு உசுரு வரும். ராத்திரி பன்னெண்டுக்குத் தலைமை ஆபீஸ்ல பதிவேட்டைச் சரிபாப்பாங்களாமா, அப்பப் போயிரும். மறுக்கா காலைல வருவோம்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கெழம ஆபீஸ் லீவு. செத்துத்தான் கெடப்போம். பழகிருச்சு."

மருதாசலம் தட்டிக்கொண்டே விளக்கினார். சாவைப் பதிய யாரும் ஆபீசுக்கு வருவதில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் ஒரு புத்திசாலித்தனம் செய்தது. தெருக் கேமராக்களே கண்ணீர் அஞ்சலி பேனர்களைப் படித்துப் பதிந்துகொள்ளும். வெளிநாட்டில் எழுதிய மென்பொருள்.

"நம்மூரு பேனரு எப்படி இருக்கும்? நடுவுல செத்தவரு, பெருசா. கீழ வரிசை வரிசையா, துக்கத்துல இருக்கறவங்க. மகன், மருமவ, பங்காளி, மாமன் மச்சான், நண்பர்கள் குழு. மிஷினுக்கு அதென்ன தெரியும்? கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்குது, கீழ இத்தனை மொகம் இருக்குது. மொத்தமாப் பதிஞ்சுருச்சு."

"அத்தனை பேரையுமா?"

"ரைஸ்மில் அய்யா செத்தப்ப இருபதடி பேனருங்க. ஒரே பேனர்ல நூத்திநாப்பத்தியொரு பேரு. அப்பறம் சில்லறையா சேந்து இப்ப இருநூத்திப் பதிமூணு."

"நான் அந்தாளுகிட்டப் பேசுனதுகூட இல்ல கண்ணு" என்றார் செம்மலை. "போட்டோ வரும்னாங்க. குடுத்தேன்."

"மேலதிகாரிகிட்ட எழுதலாமே?"

மருதாசலம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தைக் காகிதத்தைப் போட்டார். எல்லாம் பதில் கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி. 'மனுதாரர் இறந்துவிட்டபடியால் மனு முடித்துவைக்கப்படுகிறது.'

"உயிரோட இருக்கறவங்களைச் சாவுப் பக்கம் தள்ள பட்டன் இருக்குது. சாவுப் பக்கமிருந்து இந்தப் பக்கம் கொண்டார பட்டனே இல்லீங்க. யாரும் திரும்பி வருவாங்கன்னு அவங்க நெனைக்கலை. இந்த ஓட்டை ஒண்ணுதான் வழி. அதைத்தான் நீங்க அடைக்க வந்திருக்கறீங்க."

நவமணி பையிலிருந்து எடுத்த பென் டிரைவைக் கையில் வைத்தபடியே நின்றாள். "அப்டேட் ஏறின உடனே பதிவேட்டை ஒருதடவை முழுசாச் சரிபார்க்கும்" என்றாள் மெதுவாக.

"அப்ப ஒடனே செத்துருவாங்க."

"ஆமா."

"மறுபடி வரமாட்டாங்க."

அப்போதுதான் வரிசையின் நடுவிலிருந்து ஒரு முனகல் கேட்டது. நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் மேசை விளிம்பையும் பிடித்திருந்தாள்.

"கஸ்தூரி! வலி வந்துருச்சா?" என்றார் மருதாசலம்.

"லேசாத்தானுங்க. வெடியக்காலத்துல இருந்து விட்டு விட்டு வருது."

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போறதுதானே?"

"காலைல ஆறு மணிக்கே போனனுங்க. கேட் தொறக்கலை. 'பிரேதங்களுக்குப் பின்பக்க வழி'ன்னு சொல்லுச்சு."

"உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டாள் நவமணி.

"அவரு உசுரோட இருக்காருங்க. அன்னைக்கு அவரு போட்டோ கிடைக்கலைன்னு விட்டுட்டாங்க. லாரில நாக்பூர் போயிருக்காரு. எனக்குத்தான் கல்யாண ஆல்பத்துல இருந்து நல்ல படமா எடுத்துப் போட்டாங்க."

மருதாசலம் அவளுக்கு உயிர் கொடுத்தார். பச்சை வந்தது. அப்டேட் ஏறினால் அதுவும் போய்விடும் என்று அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாமல் சுவரோரம் நின்றுவிட்டாள். பிறகு நவமணியைத் தனியாக ஜன்னலோரம் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பத்து மிஷின்ல போடுங்க. ஒண்ணை விட்ருங்க. அந்தா, மூலையில கெடக்குதே, அதை. பதினொண்ணும் முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்ருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

நவமணி மூலையில் கிடந்த மெஷினைப் பார்த்தாள். மேலிடத்தில் கையெழுத்துதான் கேட்டார்கள். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. கஸ்தூரி சுவரில் சாய்ந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"முடியாது சார்."

"அந்தப் புள்ளையைப் பாருங்க."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். போன மாசம் ஒரு ஊர்ல ஒருத்தன் இதே ஓட்டையில புகுந்து கூடப்பிறந்த அக்காவை இறந்ததாப் பதிஞ்சுட்டான். தோட்டத் தகராறு. அந்தம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஊசி வாங்கப் போனாங்க, மருந்துக்கடை ஷட்டர் திறக்கலை. நாலு நாள் அலைஞ்சாங்க. அஞ்சாவது நாள், பதிவேட்டுல இருந்தது நெசமாயிடுச்சு. நீங்க இந்த ஓட்டையில உயிர் குடுக்கறீங்க. அவன் இதே ஓட்டையிலதான் எடுத்தான். ஒரு மெஷினை விட்டாலும் அவன் மாதிரி நூறு பேருக்குக் கதவைத் திறந்து வெச்ச மாதிரி."

மருதாசலம் சட்டைப்பைப் பேனாக்களை எண்ணுவதுபோலத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இவங்க?"

"ஒரு மணி வரைக்கும் டைம் இருக்கு. யோசிப்போம். இத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா வேற வழியில திரும்பி வரலை?"

"ஒரே ஒருத்தரு வந்தாருங்க. ஆறாவது வார்டு கவுன்சிலர் பொன்னுரங்கம். ரைஸ்மில் பேனர்ல அவரும் செத்தாரு. ஒரு மாசம் வரிசைல நின்னாரு. அப்பறம் ஒருநாள் வரலை. பாத்தா, பதிவேட்டுல உசுரோட இருக்காரு! ஆனா பாவம், கவுன்சிலர் பதவி போயிருச்சு."

"ஏன்?"

"வயசு பத்தலைன்னுட்டாங்க."

நவமணி நிமிர்ந்தாள். "அவருக்கு என்ன வயசு?"

"அம்பத்திரண்டு. பதிவேட்டுல ஏழு நாள்னு காட்டுச்சு."

"சார்! அந்த மாசம் அவருக்குப் பிறந்தநாள் வந்துச்சா?"

மருதாசலத்தின் வாய் திறந்தபடி நின்றது. "பஸ் ஸ்டாண்டுல பேனர் வெச்சாங்க… 'பிறந்தநாள் காணும் எங்கள் அண்ணன்'னு…"

"கேமரா அதையும் படிச்சிருக்கு! பிறந்தநாள்னு போட்டிருந்தா பிறப்பு!"

"அப்ப எத்தனை கட்சிக்காரங்களுக்குப் பேனர் வெக்கறாங்க? அவங்க தெனந்தெனம் பொறக்கோணுமே?"

"உயிரோட இருக்கறவங்க மறுபடி பிறக்க முடியாது, மெஷின் தள்ளிடும். நீங்க குடுக்கற உயிர் இந்த ஆபீஸோட சரி, தலைமை ஆபீஸ்ல இவர் இறந்தேதான் இருந்தாரு. அதனால புதுப் பிறப்பா எடுத்துக்கிச்சு. தலைமை ஆபீஸ் பதிவேட்டுலயே முறைப்படி ஏறியிருக்கு. அதனாலதான் ராத்திரி பன்னெண்டுக்குச் சாகலை!" நவமணி மணியைப் பார்த்தாள். பத்தே முக்கால். "கேமரா பேனரை எப்ப படிக்கும்?"

"தெனமும் ஒருக்கா. உச்சி பன்னெண்டுக்கு."

அதற்கப்புறம் செங்காட்டுவலசில் நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்லவேண்டும். பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். அத்தனை கண்ணீர் அஞ்சலியும் அவர் கடையில் அடித்ததுதான். அதனால் ஒரு நல்லது: இருநூற்றுப் பதின்மூன்று முகங்களும் அவர் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. கூலிங்கிளாஸ் போட்டவர்கள், செல்போனில் பேசுவதுபோல் நின்றவர்கள், புல்லட்டில் சாய்ந்தவர்கள்.

"வாசகம் என்னங்க போடறது? 'அகவை காணும்'னு அடுக்குமொழில ரெண்டு வரி?"

"ஒண்ணும் வேண்டாம். 'இன்று பிறந்தநாள்'. அவ்வளவுதான். பெருசா."

"மறைந்த தலைவர் படம் ஒண்ணு மேல?"

"அவரும் பிறந்துடுவாரு, வேண்டாம்!" என்று கத்தினாள் நவமணி.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு இறந்தவர்களே மூங்கிலைத் தூக்கிப் பிடித்து, முப்பதடி பேனரைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். பன்னிரண்டுக்குக் கம்பத்துக் கேமரா திரும்பியது. இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் பார்த்தது. போய்விட்டது.

அலுவலகத் திரையில் வரிகள் கொட்டத் தொடங்கின. 'புதிய பிறப்பு. புதிய பிறப்பு. புதிய பிறப்பு.' செம்மலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொறந்துட்டமாட்டிருக்குது!"

கடைசி வரி மட்டும் சிவப்பில் நின்றது. 'தாயின் கைரேகை? முப்பது நிமிடத்துக்குள்.'

"அடக் கெரகமே" என்றார் மருதாசலம். "கவுன்சிலருக்கு அவங்காத்தா வந்து ரேகை வெச்சுட்டுப் போனாங்க. எதுக்குன்னு அப்ப எனக்குப் புரியலீங்க."

"தகப்பன் வெச்சா?"

"தகப்பன் கட்டாயமில்லைன்னு போட்டிருக்குது. தாய்தான் வேணுமாம்."

"எங்காத்தா போயி நாப்பது வருசமாச்சு" என்றார் செம்மலை. "எங்கம்மா இந்தா, எனக்குப் பின்னாடி இதே வரிசைல நிக்கிது" என்றான் ஒருவன். மருதாசலத்தின் மனைவியைக் கூப்பிடலாமா என்றதற்கு, அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "கர்ப்பப்பை எடுத்தாச்சுங்க. மிஷினுக்குத் தெரியும்."

"தனித்தனியா வெக்கலாமா?"

"ஒரே பேனர்ல வந்ததனால ஒரே பிரசவமா எடுத்திருக்குது. ஒரே ரேகை. வெச்சா எல்லாரும், இல்லாட்டி யாருமில்லை."

"ஒரே பிரசவத்துல இருநூத்திப் பதிமூணா? அதை ஒத்துக்குமா?"

மருதாசலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கட்டத்துல மூணு எலக்கம் வரைக்கும் எடுக்குதுங்க. யாரோ தொலைநோக்கோட பண்ணியிருக்காங்க."

அந்த அறையில் உயிரோடு இருக்கிற, ரேகை வைக்கக்கூடிய ஒரே பெண் யார் என்பது ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும் புரிந்தது. யாரும் கேட்கவில்லை. செம்மலைகூடத் தரையைப் பார்த்தார்.

நவமணி கோயமுத்தூரில் ஜாதகக் கட்டுடன் உட்கார்ந்திருக்கும் தன் அப்பாவை நினைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் பதிவேட்டைப் பார்ப்பார்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். மகப்பேறு: ஒன்று. குழந்தைகள்: இருநூற்றுப் பதின்மூன்று.

கஸ்தூரி இந்தமுறை முனகவில்லை, கத்தினாள்.

நவமணி கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தாள்.

பச்சை. 'தாயும் சேய்களும் நலம்.'

கஸ்தூரியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நவமணி தான் வந்த வேலையைப் பார்த்தாள். பதினோரு மெஷின். மூலையில் கிடந்ததையும் சேர்த்து. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கடைசி மெஷின் அணைந்து எழுந்தது. பதிவேடு முழுக்கச் சரிபார்க்கப்பட்டது. யாரும் சாகவில்லை. மருதாசலம் மூன்று இடைவெளியும் இரண்டு எண்டரும் தட்டிப் பார்த்தார். 'அனுமதி இல்லை' என்றது திரை. அவர் முகத்தில் வந்தது வருத்தமா நிம்மதியா என்று அவருக்கே தெரியவில்லை. "இனிமே பத்து மணிக்கு நான் என்னங்க பண்றது?" என்றார்.

ஒரு வழியாக டீயும் ஆறிய வடையும் கைக்கு வந்தபோது நவமணியின் போன் அடித்தது.

"நீங்கதான் கஸ்தூரியோட அம்மாங்களா?" ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டாக்டர். பதற்றமான குரல். "கேட் இவங்களைக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பிடுச்சு. பிறந்து ஒன்றரை மணி நேரம்னு காட்டுது. தொட்டில்ல போடச் சொல்லுது. இவங்களுக்குப் பிரசவ வலி. கொடி சுத்தியிருக்கு, உடனே ஆபரேஷன் பண்ணணும். பச்சைக் குழந்தைக்கு ஆபரேஷன்னா, தாய் நேர்ல வந்து ரேகை வெக்காம தியேட்டர் கதவு திறக்காது. எங்கே இருக்கீங்க?"

நவமணி வடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வெயிலில், தெருவைக் குறுக்கே வெட்டி, மருதாசலத்தின் மொபெட்டில் தொற்றி, ராகு காலம் முழுக்க அவளுக்கு ஓட்டமாகவே போயிற்று. ஆஸ்பத்திரி கேட் அவளைப் பார்த்ததும் 'வாழ்த்துகள்' என்று சொல்லித் திறந்தது. தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் கஸ்தூரி கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. நவமணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிராதீங்க."

"எங்கேயும் போகலை."

"உறவு?" என்று கேட்டது கதவு.

நவமணி இதுவரை வாழ்க்கையில் தன்னைக் குறித்துச் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள். "அம்மா."

கதவு திறந்தது.

மூன்று இருபதுக்குக் குழந்தை அழுதது. பெண். மூன்று கிலோ. தாயும் பிழைத்தாள். நர்ஸ் குழந்தையை நவமணியின் கையில் கொடுத்துவிட்டு, படிவத்தில் தாயின் வயது என்ற இடத்தில் 'மூன்று மணி நேரம்' என்று எழுதி, பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

ஐந்து மணிக்கு நவமணி வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பஸ்ஸும் பக்கத்தில் கூட்டமும் நின்றன. காலையில் பார்த்த அதே முகங்கள்.

"என்னங்க, வீட்டுக்குப் போகலையா?"

செம்மலை முன்னால் வந்தார். காலையில் 'கண்ணு' என்றவர், இப்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "பஸ் ஏத்தமாட்டேங்குது அம்மா. அஞ்சு வயசுக்குட்பட்ட கொழந்தை தாயோடதான் வரோணுமாம். நீ வந்து ஏறுனாத்தான் கதவு தொறக்கும்."

"எத்தனை பேர்?"

"பஸ்ஸுல போறவிய எம்பது. மிச்சம் நடந்து போயிட்டாங்க. ஆனா அவியளுக்கு வீட்டுக் கதவு தொறக்கலையாமா. நீ வருவீன்னு வாசல்ல உக்காந்திருக்காங்க."

போன் அடித்தது. கோயமுத்தூரிலிருந்து சூப்பர்வைசர் வின்சென்ட். "நவமணி, ரிப்போர்ட் பார்த்தேன். பதினொண்ணும் பக்காவா முடிச்சிருக்கே, வெரிகுட். நாளைக்குக் காலைல அடுத்த ஆபீஸ். அங்கே இருபது மெஷின். ஒன்பது மணிக்கு அங்கே இருந்துடணும், சரியா?"

நவமணி கூட்டத்தைப் பார்த்தாள். மீசையும் நரையும் தொப்பையுமாக எண்பது பேர், பஸ் கதவுக்கும் அவளுக்கும் நடுவே வழிவிட்டு, சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள். யாரோ ஒருவர் ஏற்கெனவே அவள் தோள்பையை வாங்கி வைத்திருந்தார்.

"வர முடியாது சார்" என்றாள். "கைக்குழந்தைங்க இருக்கு."